துருப்பிடித்த பழைய சவரக்கத்தியை மறுபடி முகத்தில் வைக்க

சலூனில் பாதி பிளேடைச் செருகிச் சவரம் செய்கிறார்களே, அந்தக் கத்தியைப் பற்றியதல்ல இது. அலகு முழுவதும் ஒரே எஃகாக அடித்து, மழுங்கினால் கல்லில் தீட்டி, தோல்வாரில் இழுத்துப் பயன்படுத்திய பழைய மடக்குச் சவரக்கத்தியைப் பற்றியது. இங்கிலாந்தின் ஷெஃபீல்டு, ஜெர்மனியின் சோலிங்கன், பிரான்சின் தியேர், சுவீடனின் எஸ்கில்ஸ்டுனா ஆகிய ஊர்களிலிருந்து இவை உலகமெங்கும் போயின. பிளேடு மாற்றும் ரேசருக்கு கிங் ஜில்லெட் 1904இல் காப்புரிமை வாங்கிய பிறகு, மெல்ல மெல்ல மேசை இழுப்பறைக்குள் ஒதுங்கின. அப்படி ஒதுங்கியவற்றில் நல்ல எஃகு இன்னும் நிறைய இருக்கிறது.

புதிதாக இறங்குபவர்கள் முதலில் பளபளப்பைத்தான் தேடுகிறார்கள். இரண்டு நாள் உட்கார்ந்து கண்ணாடி போல மெருகேற்றிவிட்டு, கல்லில் வைக்கும்போதுதான் வாயோரம் உளுத்துப்போயிருப்பது தெரியும். கூர் நிற்குமா என்று பார்த்துவிட்டு மெருகுக்குப் போவதே சரியான வரிசை. கீழே உள்ள படிகள் அந்த வரிசையில்தான் இருக்கின்றன.

வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

கத்தியின் தடித்த மேல்விளிம்பு முதுகு. வெட்டும் விளிம்பு வாய். வாயின் ஒரு முனை நுனி, பிடியை ஒட்டிய முனை அடி. அடிக்குப் பின்னால் கழுத்து, அதன் கடைசியில் விரல் வைக்கும் வால். பிடி இரண்டு பட்டைகளால் ஆனது. ஒரு பக்க ரிவிட்டில் அலகு சுழலும். மறுபக்க ரிவிட்டில் இரு பட்டைகளுக்கும் நடுவே ஆப்பு இருக்கும்.

துரு எவ்வளவு என்பதைவிட எங்கே என்பதுதான் கேள்வி. முதுகிலும் கழுத்திலும் எவ்வளவு துரு இருந்தாலும் சமாளிக்கலாம். வாயிலிருந்து 2 மி.மீ.க்குள் கருங்குழிகள் இருந்தால் யோசியுங்கள். குழி மேலே ஊசிமுனை அளவு தெரிந்தாலும் உள்ளே ஆழமாக இறங்கியிருக்கும். தீட்டத் தீட்ட வாய் அந்தக் குழியைத் தொடும். தொட்ட இடத்தில் வாய் பெயர்ந்து பல் விழும்.

விரிசல் இருந்தால் கத்தியைத் தூக்கிப் போட வேண்டியதுதான். விளக்கைப் பக்கவாட்டில் பிடித்து வாயோரம் முழுக்கப் பாருங்கள். சந்தேகமான இடத்தில் மண்ணெண்ணெய் தடவி, நன்றாகத் துடைத்துவிட்டுச் சில நிமிடம் விடுங்கள். விரிசல் இருந்தால் உள்ளே போன எண்ணெய் மெல்லிய கோடாக மீண்டும் வெளியே கசியும். மெல்லிய அலகாக இருந்தால் வாலைப் பிடித்துக்கொண்டு நகத்தால் சுண்டிப் பார்க்கலாம்: நல்ல அலகு கணீரென்று ஒலிக்கும். தடித்த ஆப்பு வடிவ அலகுக்கு இந்தச் சோதனை பயன்படாது.

அடுத்து, வாயின் கோடு. நேராகவோ நடுவில் லேசாக வெளியே புடைத்தோ இருக்கலாம். பழைய ஷெஃபீல்டு கத்திகள் பல அப்படித்தான் செய்யப்பட்டன. நடுவில் உள்வாங்கியிருந்தால், யாரோ குழிவிழுந்த கல்லில் தேய்த்திருக்கிறார் என்று அர்த்தம். அதைச் சரிசெய்ய அகலத்தை இழக்க வேண்டும். அரை மி.மீ. வரையிலான பல் கல்லிலேயே போய்விடும். ஒரு மி.மீ.க்கு மேல் போனால் தொடக்கக்காரருக்கு வேண்டாத வேலை.

தடிமன் அளக்கும் வெர்னியர் அளவி ஒன்று கையில் இருந்தால் பாதி ஏமாற்றம் தவிரும். தீட்டும்போது முதுகும் வாயும் சேர்ந்தே கல்லில் படுவதால், கூர்க்கோணத்தை முதுகின் தடிமனும் அலகின் அகலமும்தான் தீர்மானிக்கின்றன. 16 மி.மீ. அகலம், 4.5 மி.மீ. முதுகு என்றால் கோணம் சுமார் 16 பாகை. 15 முதல் 19 பாகை வரை நல்லது. முதுகு 3.5 மி.மீ. ஆகத் தேய்ந்து அகலம் 15 மி.மீ. நின்றால் 13 பாகைதான் வரும். அவ்வளவு மெல்லிய வாய் சவரத்தில் உதிரும். அகலம் 13 மி.மீ., முதுகு 5 மி.மீ. என்றால் 22 பாகை, முகத்தில் இழுக்கும். விற்பவர்கள் அகலத்தை அங்குலத்தின் எட்டில் ஒரு பங்கு கணக்கில் சொல்வார்கள்: 5/8 என்றால் ஏறக்குறைய 16 மி.மீ., 6/8 என்றால் 19 மி.மீ. முதல் கத்திக்கு 5/8 போதும்.

வயதை ஓரளவு கழுத்திலுள்ள முத்திரை சொல்லும். அமெரிக்காவின் 1890ஆம் ஆண்டு மெக்கின்லி சுங்கச் சட்டத்துக்குப் பிறகு, அங்கே போகும் பொருள்களில் நாட்டின் பெயர் கட்டாயமானது. ஆகவே ‘ஜெர்மனி’, ‘இங்கிலாந்து’ என்று பொறித்தவை பெரும்பாலும் அதற்குப் பிந்தியவை. கிரீடத்தோடு விக்டோரியா அரசியின் முதலெழுத்துகள் இருந்தால் 1837–1901 காலம். ஜோசப் ராட்ஜர்ஸ், வேட் அண்ட் புட்சர், வோஸ்டன்ஹோமின் ஐஎக்ஸ்எல் போன்ற ஷெஃபீல்டு முத்திரைகளுக்குச் சேகரிப்பாளர்களிடம் விலை உண்டு. பெயர் தெரியாத சோலிங்கன் கத்தியும் முகத்துக்கு அதே அளவு நல்லதுதான். கற்றுக்கொள்ள அதையே வாங்குங்கள்.

முதல் நாள்: சுத்தம், பிறகு வாய்ச் சோதனை

யாருடைய முகத்தில் பட்டதென்று தெரியாத கத்தி. ஹெபடைட்டிஸ் பி கிருமி உடலுக்கு வெளியே குறைந்தது 7 நாள் உயிரோடு இருக்கும் என்பதை நினைவில் வையுங்கள். சோப்பும் பழைய பல்தேய்க்கும் பிரஷும் கொண்டு அழுக்கை எடுத்த பின், அலகை மட்டும் 70 சதவீத ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் 10 நிமிடம் வையுங்கள். மெருகும் தீட்டலும் முடிந்து முகத்தில் வைப்பதற்கு முன் இதையே இன்னொரு முறை செய்யுங்கள். பிளீச்சிங் கரைசல் வேண்டாம். கரிம எஃகை நிமிடங்களில் துருவாக்கும். கொதிக்கவும் வைக்காதீர்கள், கொம்புப் பிடி முறுக்கிக்கொள்ளும்.

இப்போது 1000 கிரிட் கல்லில் (கிரிட் என்பது நயத்தின் எண், எண் கூடக்கூட மென்மை), முதுகில் ஒரு சுற்று மின்சார டேப் ஒட்டி, பக்கத்துக்கு 40 முறை இழுத்து உருப்பெருக்கியில் வாயைப் பாருங்கள். உடையாத, தொடர்ச்சியான கோடு பெரும்பகுதியில் வந்துவிட்டால் கத்தி உழைப்புக்குத் தகும். வாய் பொடிப்பொடியாக உதிர்ந்துகொண்டே இருந்தால் அங்கேயே நிறுத்துங்கள். தேறிய கத்தியின் வாயைக் கண்ணாடிப் பாட்டிலின் மேல் அழுத்தாமல் ஒரு முறை நெடுக இழுத்து மழுங்கடித்துவிடுங்கள். இனி நடக்கும் தேய்ப்பு வேலையில் கை அறுபடாமல் இருக்க இதுதான் காப்பு. கையுறை மட்டும் போதாது.

துருவை எடுப்பது

செந்துரு எஃகைத் தின்னும். கரும்படலம் அப்படியல்ல, அது நிலைத்துவிட்ட படலம், அடியிலுள்ள எஃகைக் காக்கும். எனவே எல்லாவற்றையும் வெள்ளையாக்க வேண்டியதில்லை. நூறு வருட ஷெஃபீல்டு கத்தியின் முதுகில் கருமை இருப்பதே அழகு என்பது எங்கள் கட்சி. பளபளப்புக் கட்சிக்காரர்களும் நிறைய இருக்கிறார்கள்.

முதல் கட்டம்: டபிள்யூடி-40 அல்லது மண்ணெண்ணெயில் ஓரிரவு ஊற வைத்து, 0000 எண் இரும்புக் கம்பளியால் முதுகிலிருந்து வாயை நோக்கித் தேயுங்கள். வாயிலிருந்து முதுகை நோக்கித் தேய்த்தால் விரல் வாயின் மேலேறும். மேலோட்டத் துரு என்றால் இதோடு பிராஸோ மாதிரி ஒரு உலோகப் பாலிஷ் போதும், வேலை முடிந்தது.

அடியில் குழிகள் தெரிந்தால் வாட்டர் பேப்பர். எந்தக் கிரிட்டில் தொடங்குவது என்பதில்தான் தவறு நடக்கிறது. வேலை நடக்கிற அளவுக்கு மென்மையான தாளில் தொடங்குங்கள்: லேசான குழிக்கு 800, ஆழமானதற்கு 400. 220ஐத் தொட்டால் அந்தக் கீறலை எடுக்க இரண்டு மடங்கு நேரம் போகும். பிறகு 600, 800, 1000, 1500, 2000 என்று ஏறுங்கள். ஒரு கிரிட்டில் நீளவாக்கில் தேய்த்தால் அடுத்ததில் குறுக்கு. முந்தைய கீறல் ஒன்றுகூட இல்லாமல் போன பிறகே அடுத்த தாள். இந்தத் திசை மாற்றம் இல்லாவிட்டால் பழைய கீறல் கண்ணுக்குத் தெரியாமல் ஒளிந்திருந்து, 2000இல் வந்து நிற்கும்போது முகத்தில் அறையும். கடைசிச் சுற்று முதுகிலிருந்து வாய்க்குக் குறுக்காகப் போகட்டும். பழைய பட்டறைக் கீறல்களும் அந்தத் திசையில்தான் இருக்கும்.

தாளை வெறும் விரலால் அழுத்தாதீர்கள். பக்கங்கள் குழிந்த உள்வளைவு அலகுக்கு அந்த வளைவுக்கேற்ற உருளை மரக்குச்சி, ஆப்பு வடிவ அலகுக்குத் தட்டையான கார்க் துண்டு ஆகியவற்றில் தாளைச் சுற்றித் தேயுங்கள். அலகை மரக்கட்டையின் மேல் வாய் வெளியே நீளாதபடி கிடத்தி வையுங்கள். மெல்லிய உள்வளைவு அலகின் வாய்ப்பகுதியின் தடிமன் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் சில பங்குதான். அடியில் தாங்கல் இல்லாமல் அழுத்தினால் பிறைத்துண்டாக உடைந்து கையோடு வரும். தாளை எண்ணெயிலோ சோப்புத் தண்ணீரிலோ நனைத்துக்கொண்டே இருங்கள்.

முத்திரை, அமிலத்தால் வரைந்த சித்திரம், பொன்முலாம் ஆகியவற்றை விட்டுவிடுங்கள். பொன்முலாம் பாலிஷ் துணியின் இரண்டே தேய்ப்பில் போய்விடும்.

டிரெமல் எனும் சிறு மின்சாரச் சுழல்கருவி, மெருகேற்றும் பஃபிங் வீல் இரண்டும் முதல் கத்திக்கு வேண்டாம். சவரக்கத்தியின் பதம், அதாவது எஃகின் கடினம், சுமார் 160–200 பாகை செல்சியஸ் சூட்டில் வைத்தது. மெல்லிய வாயோரம் அந்தச் சூட்டை நொடிகளில் எட்டிவிடும்; பொன்மஞ்சள் நிறம் படர்ந்தால் அந்த இடத்தில் பதம் இறங்கிவிட்டது, இனிக் கூர் நிற்காது. சுற்றும் பஃபிங் வீல் அலகின் விளிம்பைக் கவ்வினால் கத்தி எந்தப் பக்கம் பறக்கும் என்று சொல்ல முடியாது. பட்டறை அனுபவம் உள்ளவர்கள் குறைந்த வேகத்தில், வெறும் விரலுக்குச் சூடு தாங்கும் வரை மட்டும் செய்வார்கள். வினிகர், எலுமிச்சை போன்ற அமில வைத்தியமும் தவிர்க்கத்தக்கதே. துரு போகும், ஆனால் மெருகான எஃகின் மேற்பரப்பையும் அரித்துச் சாம்பல் நிறமாக்கும்.

பிடியைக் கழற்ற வேண்டுமா?

பெரும்பாலும் வேண்டாம். பட்டைகள் முழுசாக இருந்து, ரிவிட் மட்டும் தளர்ந்திருந்தால், ரிவிட் தலையைச் சிறு பட்டறைக்கல்லின் மேல் வைத்து மறுபுறத் தலையைச் சின்னச் சுத்தியலால் நாலைந்து தட்டுத் தட்டினால் போதும். பட்டைகளுக்கு நடுவே உள்ள அழுக்கை, எண்ணெயில் நனைத்த துணிக்கீற்றை உள்ளே விட்டு இழுத்து எடுக்கலாம். கழற்றியே ஆக வேண்டிய காரணங்கள் மூன்று: பட்டை உடைந்திருப்பது, சுழலும் இடத்தில் துரு தின்றிருப்பது, செல்லுலாய்டு கெட்டுப்போயிருப்பது.

இந்தக் கடைசிக் காரணத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். 19ஆம் நூற்றாண்டின் கடைசியிலிருந்து தந்தம், ஆமையோடு மாதிரி தெரிகிற பிடிகள் நிறைய செல்லுலாய்டில் வந்தன. இது நைட்ரோசெல்லுலோஸும் சூடமும் சேர்ந்த பொருள். வயதானால் சிதைந்து நைட்ரஜன் ஆக்ஸைடு ஆவிகளை விடும். ஈரப்பதத்தோடு சேர்ந்து அது அமிலமாகி, மூடியிருக்கும் அலகைப் பிடிக்குள்ளேயே அரிக்கும். பட்டையில் நுண்ணிய வெடிப்பு வலை, பிசுபிசுப்பு, காட்டமான நெடி, பிடிக்குள் மூடும் பகுதியில் மட்டும் புதுத்துரு ஆகியவை அடையாளம். அதைக் குணப்படுத்த முடியாது. அலகைப் பிரித்தெடுத்துப் பிடியை வீட்டுக்கு வெளியே அப்புறப்படுத்துங்கள். பக்கத்தில் வைத்த நல்ல கத்திகளுக்கும் அந்த ஆவியால் துரு வரும். சூடான ஊசியால் குத்திச் சோதிக்க நினைக்காதீர்கள். செல்லுலாய்டு பட்டென்று தீப்பிடிக்கும்.

எருமைக் கொம்புப் பிடி வெகு பொறுமைசாலி. காய்ந்து வெளிறியிருந்தால் நீட்ஸ்ஃபுட் எண்ணெயில் (மாட்டுக் கால் எலும்பிலிருந்து எடுப்பது) ஒன்று முதல் இரண்டு வாரம் ஊற விடுங்கள். கருமையும் நெகிழ்வும் திரும்பும். வளைந்த பட்டையைக் கொதிக்காத வெந்நீரில் சில நிமிடம் வைத்து, இரண்டு தட்டைப் பலகைகளுக்கு நடுவே இறுக்கி, முழுக்க ஆறிய பிறகே அவிழ்க்க வேண்டும். பூச்சி அரித்த குழிகள் ஆழமில்லை என்றால் வாட்டர் பேப்பரில் போகும். தந்தம், எலும்பு இரண்டையும் தண்ணீரிலோ எண்ணெயிலோ ஊற வைக்கக் கூடாது. ஈரத்துணியால் துடைத்து உடனே உலர்த்துங்கள். தந்தப் பிடிக் கத்தியை வாங்குவதும் விற்பதும் நாடு விட்டு நாடு கொண்டுபோவதும் சட்டச் சிக்கல். பார்த்து ஒதுங்குங்கள்.

ரிவிட்டை எடுக்கும் முறை: தலையை அரத்தால் தட்டையாக ராவுங்கள். வாஷர் வளையம் தனியாகத் தெரிந்ததும் நிறுத்தி, ரிவிட்டின் நடுவில் 1.5 மி.மீ. டிரில் பிட்டால் கொஞ்சம் ஆழம் துளைத்து, துளையுள்ள மரக்கட்டையின் மேல் வைத்து ‘பஞ்ச்’ எனும் மெல்லிய எஃகுக் குச்சியால் தட்டித் தள்ளுங்கள். தலையை ராவாமல் தட்டினால் விரிந்த தலை ஆப்பாக இறங்கிக் கொம்பைப் பிளக்கும். பழைய வாஷர்களைப் பத்திரப்படுத்துங்கள். அதே மாதிரி கிடைப்பது அரிது. பழைய ஷெஃபீல்டு கத்திகளில் ஆப்பு பெரும்பாலும் ஈயம். அதை உலர்வாகத் தேய்க்காதீர்கள், தொட்டபின் கை கழுவுங்கள்.

மறுபடி பூட்டுவது

1.6 மி.மீ. பித்தளைக் கம்பியே வழக்கமான ரிவிட். புதுப் பட்டை செய்வதென்றால் கொம்போ கெட்டியான மரமோ 3 மி.மீ. தடிமனில் எடுத்து, இரண்டையும் இரட்டைப்பக்க டேப்பால் ஒட்டி ஒன்றாகவே அறுத்து, துளைத்து, வடிவமாக்குங்கள். தனித்தனியாகச் செய்தால் துளை ஒன்றுக்கொன்று நேராக அமையாது. கத்தி மூடும்போது பட்டையில் இடிக்கும்.

முதலில் மெல்லிய போல்ட், நட்டால் தற்காலிகமாகப் பூட்டி அலகு நடுவில் மூடுகிறதா என்று பாருங்கள். ஒருபக்கம் சாய்ந்தால் ஆப்பின் ஒரு முகத்தைச் சற்றுத் தேய்த்தால் சரியாகும். ரிவிட் அடித்த பிறகு இதைத் திருத்த வழியில்லை.

ஆப்புப் பக்கத்தை முதலில் ரிவிட் அடியுங்கள், சுழலும் பக்கத்தை அடுத்து. கம்பி இரண்டு புறமும் வாஷருக்கு மேல் 0.8 மி.மீ. முதல் ஒரு மி.மீ. வரை நீளட்டும். அதற்கு மேல் விட்டால் தலை உருளாமல் கம்பி உள்ளே வளையும். குறைத்தால் வாஷரைப் பிடிக்காது. உருண்டைத்தலைச் சுத்தியலின் எடையே அடியாக இருக்கட்டும். நடுவில் அடிக்காமல் ஓரத்தைச் சுற்றிச் சுற்றித் தட்டுங்கள், பத்துத் தட்டுக்கு ஒருமுறை புரட்டுங்கள். அலகு தன் எடையில் விழாமல், விரல் தள்ளினால் மட்டும் நகரும் இறுக்கம் வந்ததும் நிறுத்தவும். இன்னும் ஒரு தட்டு என்ற ஆசையில்தான் கொம்பு வெடிக்கிறது.

தீட்டுவது

கல் தட்டையாக இல்லாவிட்டால் மற்றதெல்லாம் வீண். கல்லின் மேல் பென்சிலால் கட்டம் போட்டு, கண்ணாடித் தகட்டில் ஒட்டிய 400 கிரிட் வாட்டர் பேப்பரில் கோடுகள் முழுக்க மறையும் வரை தேயுங்கள். வாங்க வேண்டிய கற்கள் 1000, 3000 அல்லது 4000, 8000, 12000. செலவைக் குறைக்க 6 மி.மீ. கண்ணாடியில் லேப்பிங் ஃபிலிம் எனும் மிக நயமான தேய்ப்புத் தாளை ஒட்டி 12, 5, 3, 1 மைக்ரான் என்று போகலாம். பெல்ஜியத்தின் கோட்டிக்யூல், ஜெர்மனியின் துரிங்கியக் கல் போன்ற இயற்கைக் கற்கள் எல்லாம் அருமையானவைதான், பழகிய பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

பழைய கத்தியில் முதுகுக்கு டேப் வைப்பதா என்று ஓயாத வாதம் உண்டு. ஏற்கெனவே தேய்ந்த முதுகை மேலும் தேய்க்காமலிருக்க டேப் வைப்பதே சரி. ஒரு சுற்று டேப் கோணத்தை ஏறக்குறைய ஒரு பாகை கூட்டும். தொடங்கிய டேப்பைக் கடைசிக் கல் வரை வைத்திருக்க வேண்டும். இடையில் எடுத்தால் கோணம் மாறி, வாய் கல்லைத் தொடாமலே போகும். கல் மாறும்போதெல்லாம் டேப்பைப் புதிதாக ஒட்டுங்கள்.

உழைப்பில் முக்கால்வாசி 1000இல்தான். வாயை ஒட்டிக் கல்லில் படும் சரிவின் மேல் மார்க்கர் மையைப் பூசி இரண்டு இழுப்பு இழுத்துப் பாருங்கள். மை எங்கே மிஞ்சுகிறதோ அங்கே கல் படவில்லை. வாய் முன்னே போகும்படி, அடியிலிருந்து நுனிவரை கல்லில் படும் குறுக்கு இழுப்பு. கல்லின் முனையில் முதுகின் மேல் உருட்டித் திருப்பித் திரும்பி வரவும். அழுத்தம் கத்தியின் எடையும் அதற்கு மேல் ஒரு விரலின் கனமும்தான். இரண்டு பக்கச் சரிவும் நடுவில் சந்தித்துவிட்டால் கை முடி சிரமமின்றி வெட்டுப்படும். அதற்கு முன் 4000க்குப் போனால், பின்னால் எத்தனை கல் மாற்றினாலும் சவரம் இழுக்கும். தொடக்கக்காரரின் தோல்விகளில் பெரும்பாலானவை இங்கேதான்.

அடிப்பக்கம் தீட்டப்படாமல் நிற்கிறது என்றால், கழுத்தை ஒட்டிய தடித்த பகுதி கல்லின் விளிம்பில் ஏறி அலகைத் தூக்குகிறது. கத்தியைச் சற்றுச் சாய்வாகப் பிடித்து, அந்தப் பகுதி கல்லுக்கு வெளியே இருக்கும்படி இழுங்கள். வாய் புடைத்த கத்திக்கு இழுக்கும்போதே அடியிலிருந்து நுனிக்கு மணிக்கட்டை மெல்ல உருட்ட வேண்டும்.

பிறகு 4000இல் 1000இன் கீறல் மறையும் வரை, 8000இல் பக்கத்துக்கு 30 இழுப்பு, 12000இல் 20. மேலே போகப்போக அழுத்தம் குறையட்டும். கடைசியில் கத்தியின் எடை மட்டும். வாய்க்கு முன்னால் தண்ணீர் அலகின் மேல் ஏறி ஓடினால் நல்ல அறிகுறி. 60 மடங்கு உருப்பெருக்கியில் வாய் மேலிருந்து பார்க்கும்போது எங்கேயும் மினுங்கக் கூடாது. மினுங்கும் புள்ளி ஒவ்வொன்றும் மழுங்கிய இடமோ சின்னப் பல்லோதான்.

வார், முகம், பாதுகாப்பு

வார் 75 மி.மீ. அகலம் இருந்தால் பழக எளிது. கித்தான் பக்கம் 30, தோல் பக்கம் 60 இழுப்பு. இங்கே முதுகுதான் முன்னே போகும். கல்லின் பழக்கத்தில் வாயை முன்னே விட்டால் வார் அறுந்துவிடும். வாரைத் தொய்ய விடாமல் இழுத்துப் பிடித்து, திருப்பும்போது முதுகின் மேல் உருட்டுங்கள். வேகம் தேவையே இல்லை.

முதல் சவரம் கன்னத்தில் மட்டும், முடி வளரும் திசையில், 30 பாகைச் சாய்வில். தோலை மறு கையால் இறுக்கிப் பிடியுங்கள். எரிந்தால் சாய்வு அதிகம், இழுத்தால் கூர் போதவில்லை.

சவரம் முடிந்ததும் அலகையும் சுழலும் மூட்டையும் டிஷ்யூத் தாளால் ஒற்றி, ஒரு மணி நேரம் திறந்தே வையுங்கள். குளியலறையிலும் தோல் உறையிலும் வைக்க வேண்டாம். சில நாள் பயன்படுத்த மாட்டீர்கள் என்றால் மெல்லிய மினரல் எண்ணெய்ப் பூச்சு. கடலோர ஊர்களில் அன்றாடம் எண்ணெய் தேவைப்படும், பெட்டியில் ஒரு சிலிக்கா ஜெல் பொட்டலமும். வாரில் இழுத்தும் சவரம் இழுக்கத் தொடங்கினால் 12000 கல்லில் 10 இழுப்புப் போதும். மீண்டும் 1000க்கு இறங்குவது பல் விழுந்தால் மட்டும்.